கிரிட்டாவோட கலர் ஸ்மட்ஜ் பிரஷ்: நம்ம ஊர் ஸ்கின்னுக்கு செட் ஆகுதா?

டிஜிட்டல்ல மனுஷங்கள வரையறவங்க எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், ஸ்கின் சாஃப்ட்டா வரணும்னா எந்த பிரஷ் எடுக்கறது. கேட்ட உடனே ஏர்பிரஷ்னு சொல்லிடுவாங்க. ஏர்பிரஷ்லயே தேச்சு தேச்சு முடிச்ச முகம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், தி.நகர் ஜவுளிக்கடை வாசல்ல பட்டுப்புடவை கட்டி நிக்குமே பொம்மை, அந்த கன்னம்தான். அதனால இந்த ரிவ்யூ கிரிட்டாங்கற டிஜிட்டல் பெயின்ட்டிங் சாஃப்ட்வேர்ல இருக்கற கலர் ஸ்மட்ஜ் என்ஜின் (கேன்வாஸ்ல இருக்கற கலர விரலால தேய்க்கற மாதிரி கலக்கற பிரஷ் வகை) பத்தி மட்டும், அனிமேஷன் வெக்டர் பக்கமெல்லாம் நான் போகவே இல்ல.

காசு விஷயம் முதல்ல. கிரிட்டா ஓப்பன் சோர்ஸ், அவங்க சைட்ல இருந்து இறக்கினா ஃப்ரீ, ஸ்டீம்லயும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லயும் விலை போட்டிருப்பாங்க, அதுவும் இதே சாஃப்ட்வேர்தான், வாங்கினா அந்த டீமுக்கு சப்போர்ட். ரிச்சி ஸ்ட்ரீட்ல சின்னதா ஒரு பென் டேப்லெட் வாங்கினா போதும், ஐபேட் வேணும்னு வீட்ல சண்டை போட வேண்டாம். 2021 டிசம்பர்ல வந்த 5.0 வெர்ஷன்ல இந்த ஸ்மட்ஜ் என்ஜின நல்லா மாத்திட்டாங்க, அதனால அதுக்கு முன்னாடி எடுத்த டுடோரியல் வீடியோவ பாத்து நம்பர அப்படியே போடாதீங்க.

இப்ப மெயின் மேட்டர். பிரஷ் செட்டிங்ஸ்ல ஸ்மட்ஜ் லெங்த்துக்குள்ள (எவ்வளவு கலர இழுத்து கலக்கணும்ங்கற செட்டிங்) போனா ஸ்மியரிங், டல்லிங்னு ரெண்டு மோட் இருக்கும், நிறைய பேர் இத கவனிக்கறதே இல்ல. ஸ்மியரிங்னா பிரஷ்ஷுக்கு அடியில இருக்கற பெயின்ட்ட அப்படியே இழுத்துட்டு போகும், கோடு இருந்தா கோடும் சேந்து இழுபடும், முடிக்கும் துணி மடிப்புக்கும் அது சூப்பர். டல்லிங் அப்படி இல்ல, அடியில இருக்கற கலர எடுத்து பிரஷ்ல இருக்கற கலரோட கலந்து அந்த கலவைய வைக்கும். ஸ்கின்னுக்கு எனக்கு புடிச்சது டல்லிங்தான். ஸ்மட்ஜ் லெங்த்த பாதிக்கு கொஞ்சம் கீழ வச்சு, கலர் ரேட்ட (புது கலர் எவ்வளவு ஏறணும்ங்கறது) பென் பிரஷருக்கு விட்டுட்டா, அழுத்தினா புது கலர் ஏறும், லேசா தடவினா இருக்கறது மட்டும் கலக்கும், பிரஷ் மாத்தற வேலையே இல்ல. இதுல ஓவர்லே மோட்னு இன்னொண்ணு இருக்கு, அத ஆன் பண்ணா கீழ இருக்கற லேயர்ல இருந்தும் கலர் எடுத்துக்கும், அடிப்படை பெயின்ட்டிங்க தொடாம மேல ஒரு லேயர் போட்டு தைரியமா கலக்கலாம். பிடிக்கலன்னா டெலீட்.

டெஸ்டுக்கு எடுத்தது எங்க அத்தை போட்டோ. திருவல்லிக்கேணி வீட்ல ஜன்னல் பக்கமா உக்காந்து பூ கட்டிட்டு இருந்தாங்க, அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எடுத்தேன் (மூக்குத்தி நல்லா தெரியணும்னு கண்டிஷன் வேற). நல்ல மாநிறம், ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம். இங்கதான் வெளிநாட்டு டுடோரியல் எல்லாம் கைய விட்டுடும், ஏன்னா அவங்க காட்டற ஸ்கின்ல வெளிச்சம் உள்ள போய் சிவப்பா பரவறது அதிகம், நிழல் ஆரம்பிக்கற இடமே ரோஸ் கலர்ல இருக்கும். மெலனின் அதிகமா இருக்கற ஸ்கின் உள்ள போற வெளிச்சத்த நிறைய உறிஞ்சிடும், அதனால மேல பட்டு திரும்பற பளபளப்புதான் கண்ணுக்கு எடுப்பா தெரியும். அப்ப பண்ண வேண்டியது என்னன்னா கன்னத்துல நிழலுக்கும் நடு டோனுக்கும் இடையில மட்டும் டல்லிங்ல மெதுவா கலக்கணும், அந்த எட்ஜ்ல கொஞ்சம் செங்காவி ஏத்திக்கலாம், ஆனா நெத்தியிலயும் மூக்கு மேலயும் இருக்கற ஹைலைட்ட கலக்கவே கூடாது. கலக்கினீங்கன்னா முகம் சாம்பல் பூத்துடும். மூக்குத்திக்கு ஒரே ஒரு ஹார்ட் டாட், அதோட நிழல் மூக்க ஒட்டி ஆரம்பிக்கற இடத்துல ஷார்ப்பா, தள்ளி போக போக சாஃப்ட்டா. ஜாக்கெட் கை விளிம்போட நிழலும் தோள்ல அப்படித்தான் விழும்.

இந்த மாதிரி ஸ்கின்னோட அருமை தெரியணும்னா ஓவியர் இளையராஜா (இசைஞானி இல்ல, 2021ல கொரோனால போயிட்டாரே, அவர்) வரஞ்ச கிராமத்து பொண்ணுங்க படத்த ஜூம் பண்ணி பாருங்க. ஜன்னல் வெளிச்சம் கைல விழற இடத்துல எது கலந்திருக்கு எது கலக்காம இருக்குன்னு பாத்தாலே பாதி பாடம் முடிஞ்சுது.

இன்னொரு செட்டிங், புது ஃபைல் ஆரம்பிக்கும்போதே கலர் டெப்த்த (கலர எத்தனை நுணுக்கமான படியா பிரிக்கறதுங்கறது) 16 பிட் இன்டிஜர்னு வச்சுக்கோங்க. 8 பிட்ல சிவப்பு, பச்சை, நீலம்னு இருக்கற ஒவ்வொரு சேனலுக்கும் 256 படிதான், இருட்டான இடத்துல மெதுவா கலக்க கலக்க பட்டை பட்டையா தெரிய ஆரம்பிச்சிடும், நம்ம கலர் ஸ்கின் இருக்கற ரேஞ்ச்ல அது இன்னும் எடுப்பா தெரியும். 16 பிட்ல 65,536 படி. மெமரி டபுளா சாப்பிடும், 4000க்கு 5000 பிக்சல் கான்வாஸ்ல முழுசா பெயின்ட் பண்ண ஒரு லேயருக்கு 80 எம்பி ஆகறது 160 எம்பி ஆகும், 8 ஜிபி ரேம் லேப்டாப்னா லேயர அளவா வச்சுக்கணும்.

கூடவே வர்ற பிளெண்டர் பிரஷ்ல பிளெண்டர் பிளர் எனக்கு பிரயோஜனமே இல்ல, ஃபோகஸ் போன போட்டோ எஃபெக்ட்தான் வருது. பிளெண்டர் ரேக் நல்லா இருக்கு, அதோட வரி வரியான தடம் ஸ்கின்ல லேசா ஒரு டெக்ஸ்சர் விட்டுட்டு போகும். வெட் பெயின்ட் பிரஷ்ஷும் ஓகே. அப்புறம் நம்ம சென்னை மே மாசத்துல உள்ளங்கை வேர்த்து டேப்லெட்ல ஒட்டும், லேசான ஸ்ட்ரோக் எல்லாம் வெட்டி வெட்டி வரும், அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் ஒண்ணும் பண்ண முடியாது, ரெண்டு விரல் க்ளவுஸ் ஒண்ணு வாங்கி மாட்டிக்கோங்க.

குறைன்னு பாத்தா ஸ்பீடுதான். ஸ்மட்ஜ் பிரஷ் ஒவ்வொரு தடவையும் கேன்வாஸ்ல இருக்கற கலர படிச்சு கலக்கணும், அதனால சாதா பிக்சல் பிரஷ்ஷ விட மெதுவாதான் ஓடும், பிரஷ் சைஸ் கூட கூட பென் முன்னாடி போகும் பெயின்ட் பின்னாடி வரும். நான் பண்றது, முதுகு தொடை மாதிரி பெரிய ஏரியாவ சின்ன கேன்வாஸ்லயே கலந்து முடிச்சிட்டு அப்புறம் இமேஜ பெருசாக்கிக்கறது, சாஃப்ட்டா இருக்கற இடம் பெருசாக்கினா கெடாது, கண் இமை மூக்குத்தி ஹைலைட் மாதிரி ஷார்ப்பான ஐட்டமெல்லாம் பெருசாக்கின பிறகு போடறேன்.