அங்கொடையா, பக்கத்து ஆஸ்பத்திரி வார்டா?

தம்பியை எங்கே சேர்ப்பது என்று எங்கள் வீட்டில் மூன்று நாள் சண்டை. மாமா கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரியான அங்கொடைதான் என்று ஒரே பிடியாக நின்றார். அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இலங்கை மலையகத்தில் ஒருவனைத் திட்டுவதற்கே "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்போம். அவளுக்கு அது ஆஸ்பத்திரியாகவே படவில்லை. கடைசியில் நான் சொன்னபடி பக்கத்து மாவட்டப் பெரியாஸ்பத்திரியின் மனநல வார்டில் சேர்த்தோம். மூன்று வருடம் ஆகிறது. அந்த முடிவைச் சரியென்று நினைப்பவன்தான் இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் கோடாங்கியிடம் போனோம், கயிறு கட்டினோம். ஆறு வாரம் அதில் போனது. அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கண்டியில் ஒரு டொக்டரை இரண்டு தடவை சேனல் பண்ணியும், அதாவது தனியாகக் காசு கட்டியும், பார்த்தோம். நல்ல மனிதர், பத்து நிமிடம் பார்த்தார். ஆனால் தூங்காமல் நாலு நாளாக லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, சுற்றி நடப்பவனுக்குப் பத்து நிமிடம் போதாது. தனியார் ஆஸ்பத்திரியில் தங்கவைத்துப் பார்த்தவன் இல்லை நான், எங்கள் வருமானத்துக்கு அந்தப் பேச்சும் எழவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டும் மருந்தும் இலவசம். ஆக மிச்சமிருந்தது அங்கொடையும் பக்கத்து வார்டும்தான்.

அங்கொடை என்று நாம் சொல்வது இன்றைக்குத் தேசிய மனநல நிறுவனம். வெள்ளைக்காரன் காலத்தில் திறந்த ஆஸ்பத்திரி. அவர்கள் நடத்தும் உதவி இலக்கம் 1926. சேர்க்கும் முன் அந்த இலக்கத்துக்குப் போன் பண்ணினேன், எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். நாட்டில் மனநோய்க்கென்றே உள்ள பெரிய இடம் அது. கோர்ட் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால், பக்கத்து வார்டில் சமாளிக்க முடியாத நிலை என்றால், டொக்டரே அங்கே மாற்றித் துண்டு எழுதுவார். அப்போது நாம் வீம்பு பிடிக்கக்கூடாது.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். நம்முடைய மனநோய்ச் சட்டம் 1873இல் வெள்ளைக்காரன் போட்டது, 1956இல் திருத்தியது. அதில் மூன்று வழி உண்டு. ஒன்று, நோயாளி தானே சம்மதித்துச் சேர்வது. இரண்டு, சம்மதம் சொல்லும் நிலையில் அவர் இல்லாதபோது டொக்டர்களின் சிபாரிசில் தற்காலிகமாகச் சேர்ப்பது. மூன்று, மாவட்ட நீதிமன்ற உத்தரவு. மாவட்ட ஆஸ்பத்திரி வார்டில் நடைமுறை இதைவிட எளிது, பெரும்பாலும் வீட்டாரின் சம்மதத்தில் வேலை நடக்கும். எளிது என்பதாலேயே அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது: நோயாளியைக் கேட்காமல் விட்டுவிடுவது. எங்களைப் பார்த்த இளம் டொக்டர் மட்டும் கையெழுத்துக்கு என்னிடம் பேனாவை நீட்டும் முன் தம்பியிடம் திரும்பி, "கொஞ்ச நாள் இருக்கிறீங்களா? தூக்கம் வரப் பண்ணுறோம்," என்று கொச்சைத் தமிழில் கேட்டார். தம்பி தலையாட்டினான். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால், "நான்தான் வாறேன்னு சொன்னேன், நீங்க யாரும் கட்டி இழுத்துக்கிட்டுப் போகல," என்பான்.

இனி என் முடிவை நிர்ணயித்த விஷயம். அது வார்டு இல்லை, கிளினிக்.

வார்டில் தம்பி இருந்தது பத்தொன்பது நாள். கிளினிக்குக்கு மூன்று வருடமாகப் போகிறோம், இன்னும் எத்தனை வருடமோ. மாதத்துக்கு ஒரு ஊசி, கூட மாத்திரை. நாள் தவறினால் ஒன்றும் உடனே நடக்காது, அதுதான் மோசம். இரண்டு மாதம் நல்லாத்தான் இருப்பான், மூன்றாம் மாதம் தூக்கம் போகும். எங்கள் லயத்திலேயே நாலு வீடு தள்ளி ஒரு அக்காவின் புருஷனை அங்கொடையில் சேர்த்து, குணமாகித்தான் கூட்டி வந்தார்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு வருவது தனி. முதல்நாளே புறப்பட வேண்டும், நோயாளியைத் தனியே அனுப்பவும் முடியாது. இரண்டு பேருக்கு பஸ் காசு, சாப்பாடு, அக்காவுக்கு இரண்டு நாள் பேர், அதாவது தோட்டத்து நாட்சம்பளம், போச்சு. ஆறாவது மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அவர் மறுபடி விழுந்தபோது நான் போய்ப் பார்த்தேன். பிஸ்கட் டின்னுக்குள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு ஒரு கடிதம் மடித்துக் கிடந்தது. பக்கத்து ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுக்கச் சொல்லி அங்கொடையிலேயே எழுதிக் கொடுத்தது. சிங்களத்தில் இருந்ததால் யாரும் வாசிக்கவில்லை. ஆகவே குற்றம் அங்கொடையின் மேல் இல்லை. அங்கே சேர்த்தாலும் இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி அடுத்த வாரமே பக்கத்துக் கிளினிக்கில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எங்களுக்கு அந்தக் கடிதமே தேவைப்படவில்லை. வார்டில் பார்த்த டொக்டர்தான் கிளினிக்கிலும் உட்கார்ந்திருப்பார். விடிய முதல் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. ஒரு தடவை மழையில் பாதை அடைபட்டுப் போகவில்லை, மிஸ்ஸியே, அதாவது கிளினிக் தாதியே, போன் பண்ணி "ஏன் வரல?" என்று கேட்டார். எல்லாக் கிளினிக்கிலும் இப்படிக் கேட்பார்கள் என்று சொல்ல மாட்டேன்.

பக்கத்து ஆஸ்பத்திரி என்றால் எல்லாம் சுகம் என்றும் இல்லை. மொழி. சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்னால் வேறொரு ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் தம்பி, "காதுல ஆளுங்க பேசுறாங்க," என்றான். மொழிபெயர்க்க வந்த ஊழியர் டொக்டரிடம், "கன ரிதெனவாலு," என்றார். காது வலிக்கிறதாம்! காதுக்குச் சொட்டு மருந்தோடு திரும்பி வந்தோம். எனக்குச் சிங்களம் அரைகுறை, அன்றைக்கு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி, அரசாங்க ஆஸ்பத்திரியில் தமிழில் பேசக் கேட்பது சலுகை கேட்பது இல்லை. இதை நான் பிறகுதான் சத்தமாகச் சொல்லக் கற்றேன். இப்போது ஒரு வேலை செய்கிறேன்: எப்போது தொடங்கியது, என்ன கேட்கிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று இரண்டு மொழியிலும் ஒரு தாளில் எழுதி, டொக்டரின் கையிலேயே கொடுப்பது.

வார்டில் கேட்கத் தயங்கியவற்றில் பாதி கேட்கக்கூடியவைதான். மருந்தின் பெயர் என்ன, எதற்கு, உடம்பில் என்ன செய்யும் என்று கேட்டேன், சொன்னார்கள். தலைக்குக் கரண்ட் கொடுக்கும் சிகிச்சை வைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது விளங்கப்படுத்தச் சொன்னேன், பின்னர் அது தேவைப்படவில்லை. வீட்டுக்கு விடும்போது நோயும் மருந்தும் எழுதிய டயக்னோசிஸ் கார்டை வாங்காமல் கிளம்பக்கூடாது. அடித்தாலோ காரணமில்லாமல் கட்டி வைத்தாலோ முதலில் ஆஸ்பத்திரிப் பணிப்பாளர், அடுத்து மனித உரிமைகள் ஆணைக்குழு, இலக்கம் 1996. அடிப்படை உரிமை வழக்கென்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் தவணை, ஆற அமர யோசிக்க நேரமில்லை. எனக்கு அந்த அளவுக்குத் தேவை வரவில்லை, ஆகவே ஆணைக்குழு எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது.

நான் சொல்வது சம்மதித்துப் போன ஒரு பையனின் கதை. கத்தி எடுத்தவரை, கதவைப் பூட்டிக்கொண்டவரை எப்படிக் கூட்டிப் போவது என்று எனக்குத் தெரியாது. அந்த நிலையில் 1990 அம்புலன்சைக் கூப்பிடுவதுதான் எனக்குத் தெரிந்த வழி, காசு வாங்கமாட்டார்கள். தோட்டத்து லொறியில் நாலு பேர் பிடித்து ஏற்றியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் திரும்பி வந்த பிறகும் லொறிச் சத்தம் கேட்டால் காம்பராவுக்குள், அதாவது லயத்து அறைக்குள், போய் உட்கார்ந்துகொள்வார்.