பத்து வருடத்துக்கு மேல் கிட்: சண்டை போடாத மெர்ஜ்தான் ஆபத்து

பலர் சேர்ந்து எழுதும் நிரலில் யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைத்து, மாற்றங்களை ஒன்றுசேர்க்கும் கருவிதான் கிட். 2014-ல் எங்கள் குழு அதே வேலை செய்யும் பழைய கருவியான சப்வெர்ஷனை விட்டுக் கிட்டுக்கு மாறியது. அன்று ஆறு பேர், இன்று பதினாலு பேர், அதில் பாதிப்பேர் வீட்டிலிருந்து வேலை. தினமும் கையில் புழங்கும் இந்தக் கருவியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் ஞாபகம் வருவது ஒரு பில்தான்.

விலை கணக்கிட எங்களிடம் ஒரு ஃபங்ஷன் (நிரலில் ஒரு கணக்கைச் செய்து விடை தரும் பகுதி) இருந்தது. விடையை ரூபாயில் தரும். தசமப்புள்ளித் தொல்லை தாங்காமல் நான் அதைப் பைசாவுக்கு மாற்றி, அதைக் கூப்பிடும் இடங்களையெல்லாம் தேடித் திருத்தினேன். அதே வாரம் நண்பர் ஒருவர் தன் பிராஞ்சில் (தனியாக வேலை செய்யும் கிளையில்) புதிதாக ரசீதுத் திரை எழுதிக்கொண்டிருந்தார். அதுவும் இதே ஃபங்ஷனைத்தான் கூப்பிட்டது. ஆனால் அவர் தொட்ட ஃபைல் வேறு, நான் தொட்ட ஃபைல் வேறு. இரண்டையும் மெர்ஜ் செய்தபோது, அதாவது ஒன்றாகச் சேர்த்தபோது, கிட் முனகக்கூட இல்லை. டெஸ்ட்டும் பாஸ், ஏனென்றால் அவருடைய டெஸ்ட்டில் இருந்த போலி விலை ரூபாயிலேயே இருந்தது. 450 ரூபாய்ப் பொருளுக்கு 45,000 என்று பில் போய், வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

கிட் ஒப்பிட்டுப் பார்ப்பது வரிகளை. ஒரே வரியை இரண்டு பேர் மாற்றினால் ஏழு அம்புக்குறி போட்டு நிறுத்திவிடும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் இப்போதெல்லாம் நிம்மதி. ஏதோ இடிக்கிறது என்று அதுவே சொல்லிவிட்டதே!

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலை எழுதும் குழு பயன்படுத்திவந்த, இதே மாதிரிக் கருவியான பிட்கீப்பரின் இலவச உரிமம் 2005-ல் கைவிட்டுப் போனதும், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்ததுதான் கிட். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. வரும் பேட்ச்சை, அதாவது திருத்தத்தை, படித்து, சரிப்படாவிட்டால் திருப்பி அனுப்புவது அவர் வேலை. நாங்கள் கருவியை எடுத்துக்கொண்டோம், அந்த ஆளை எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் குழுவில் எல்லோரும் எல்லாவற்றையும் ரிவ்யூ செய்யலாம். நடைமுறையில், யார் சும்மா இருக்கிறாரோ அவர் பார்ப்பார். அந்த ரசீதுத் திரைக்கு ஒப்புதல் கொடுத்தவருக்கு, விலை ஃபங்ஷன் மாறிய விஷயமே தெரியாது.

அப்புறம் சில வழக்கங்கள் வந்தன. விலை, டாக்ஸ், லாகின் மூன்றுக்கும் பொறுப்பாளர் வைத்தோம். அந்த ஃபைல்களில் யார் கை வைத்தாலும் அவர் பார்க்காமல் உள்ளே போகாது. பிராஞ்ச் இரண்டு நாளைக்கு மேல் தனியாகக் கிடக்கக் கூடாது என்றும் பேசிக்கொண்டோம். டெலிவரி வாரம் வந்தால் அந்தப் பேச்சு காற்றில் போய்விடும். போன மாதம்கூட மூன்று வாரப் பழைய பிராஞ்ச் ஒன்றைச் சேர்க்க ஒரு முழுநாள் போனது.

சர்வரில் இருப்பதன் மேல் நம் பிரதியை வலுக்கட்டாயமாக எழுதுவதுதான் ஃபோர்ஸ் புஷ். அந்தக் கதை எல்லோரிடமும் இருக்கும். எங்கள் கதையில் நான்தான் வில்லன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சக ஊழியரின் மூன்று கமிட்டை (பதிந்துவைத்த மாற்றங்களை) அழித்துவிட்டேன். அவர் லேப்டாப்பில் பிரதி இருந்ததால் பிழைத்தோம். இப்போது மெயின் பிராஞ்சுக்குப் பூட்டு. மற்ற இடங்களில் ஃபோர்ஸ் வித் லீஸ் மட்டும்தான்; இடையில் வேறு யாராவது எதையாவது சேர்த்திருந்தால் அது மறுத்துவிடும்.

ஒரு சின்ன நன்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஃபார்மேட்டரை (இடைவெளி, வரியமைப்பை ஒழுங்குபடுத்தும் கருவியை) மொத்த நிரலிலும் ஓட்டினோம். ஒரு வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் பிளேம் கட்டளையைப் போட்டால் எந்த வரிக்கும் அதை ஓட்டியவர் பெயர்தான் வந்தது, பாவம். 2019-ல் வந்த கிட் 2.23 பதிப்பில் அப்படிப்பட்ட கமிட்டைக் கணக்கில் எடுக்காமல் விடும் வசதி சேர்ந்தது.

பிராஞ்சின் கமிட்டுகளை எடுத்துப் புதிய மெயின் மேல் மறுபடி அடுக்கும் ரீபேஸா, அப்படியே இணைக்கும் மெர்ஜா என்ற வழக்கு மட்டும் எங்கள் குழுவில் இன்னும் முடியவில்லை. நான் மெர்ஜ் கட்சி. ரீபேஸ் கட்சிக்காரர் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறார். விலை ஃபங்ஷனைத் தொடும் முன் நாற்காலியைத் திருப்பி, "அண்ணா, அதுல கை வைக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்.