கோழி ஊறவைக்கும் இயந்திரம்: மூடி வளையத்தைப் பற்றி மட்டும் ஒரு நீண்ட புகார்

கோழி ஊறவைக்கும் வெற்றிட இயந்திரம் ஒன்று இணையக் கடையில் ஏறக்குறையப் பாதி விலைக்கு வந்திருப்பதைக் கண்ட நண்பர் ஒருவர், "அண்ணே, நீங்கள் வைத்திருப்பது இதுதானே, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். கேள்வி எளியதுதான், வந்த நேரம்தான் சரியில்லை. முந்தைய நாள்தான் என்னுடைய இயந்திரம் பழுதுபார்க்கப்பட்டு வீடு திரும்பியிருந்தது. கறியையும் மசாலாவையும் ஓர் உருளைக்குள் போட்டு மூடினால், பம்ப் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்ச, உருளை உருண்டு உருண்டு ஊறவைக்கும் கருவி இது. பம்ப், உருளும் கண்ணாடி நிற உருளை, நேரத் தேர்வுப் பொத்தான்கள் ஆகியவை விற்பனைப் பக்கத்திலேயே விவரிக்கப்பட்டிருப்பதால், அங்கே ஒரு படத்தில்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பொருளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அது காற்று உள்ளே புகாமல் தடுக்க மூடியின் உட்புறம் பதிந்திருக்கும் சிலிக்கோன் வளையம்.

குறையைச் சொல்வதற்கு முன் நிறையைச் சொல்வதுதான் நியாயம். 2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோதுதான் இதை வாங்கினோம். அதற்கு முந்தைய ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த கோழியில் ஏறத்தாழ 34 விழுக்காடு மலேசியாவிலிருந்து வந்தது என்பதும், அதில் பெரும்பகுதி உயிருடன் வந்து இங்கே அறுக்கப்பட்டது என்பதும் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. தேக்கா ஈரச்சந்தையில் அன்று அறுத்த கோழியை வாங்கிப் பழகிய வீடுகள் பல, பேரங்காடியின் உறைபெட்டியில் கிடந்த பிரேசில் கோழிக்கு மாறின. எங்கள் வீடும் மாறியது. உறைந்த கோழியைக் கரைய வைத்தால் பாத்திரத்தின் அடியில் இளஞ்சிவப்பு நீர் தேங்கும். உறையும்போது உருவாகும் பனித்துகள்கள் தசை இழைகளைச் சிதைப்பதால் இறைச்சி இழந்த நீர் அது. அந்தக் கோழியை வழக்கம்போல அரைமணி நேரம் மசாலா பிரட்டி வைத்துப் பொரித்தால், வெளியே காரமும் உள்ளே சப்பென்ற நாரும்தான் மிஞ்சின. தடை அவ்வாண்டு அக்டோபரில் முழுமையாக நீங்கிய பின்னரும், விலை காரணமாக உறைகோழி எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. அதனால் இயந்திரமும் நிலைத்தது.

அது செய்த முதல் நன்மை, நான் சற்றும் எதிர்பார்க்காத ஒன்று: எண்ணெயில் மசாலா உதிர்வது நின்றது. கோழி பொரிப்பவர் எவருக்கும் இந்தத் தொல்லை தெரியும். துண்டுகளை வாணலியில் போட்டதும் மசாலா கழன்று அடியில் கருகும். மூன்றாவது முறை போடும்போது எண்ணெயே கறுத்துவிடும். அதைத் தடுக்கத்தான் சோள மாவையும் முட்டையையும் அரிசி மாவையும் சேர்க்கிறோம். இயந்திரத்தில் உருண்டு வந்த கோழிக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, சிறிது எண்ணெய் ஆகியவை மட்டுமே சேர்த்த துண்டுகள் மசாலாவைப் போர்த்திக்கொண்டே வெந்தன. என் அத்தை, எந்தக் கருவியையும் முதலில் சந்தேகத்தோடு பார்ப்பவர், வாணலியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எண்ணெய் அப்படியே இருக்கு!" என்று சொன்னதை இன்றளவும் இந்த இயந்திரத்துக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டாகக் கருதுகிறேன்.

இதற்குக் காரணம் விற்பனைப் பக்கம் சொல்வது அன்று. வெற்றிடம் இறைச்சியின் துளைகளைத் திறந்து மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்கிறார்கள். இறைச்சி பஞ்சு அல்ல. காற்று நிறைந்த துளைகள் அதற்குள் காத்திருக்கவில்லை. அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏற்கெனவே நீர்தான். மஞ்சளின் நிறமும் மிளகாயின் காரமும் எண்ணெயில் கரைபவை, நீரில் எளிதில் கரையாதவை என்பதால், எந்தக் கருவியில் போட்டாலும் அவை மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் செல்வதில்லை. வெந்த நெஞ்சுக்கறித் துண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு, நடுவில் வெள்ளை.

உள்ளே போவது உப்பு. உப்பு தசைப் புரதங்களில் ஒரு பகுதியைக் கரைத்து, இழைகளைச் சற்று உப்பச் செய்து, வேகும்போது நீர் வெளியேறாமல் பிடித்துவைக்கிறது. மென்மை என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு அந்த நீர்தான். அப்படிக் கரைந்த புரதம் மேற்பரப்பில் பிசுபிசுப்பாகப் படிந்து மசாலாவை ஒட்டவைக்கிறது. துண்டுகள் உருளையின் சுவரில் திரும்பத் திரும்ப விழுந்து அடிபடுவதால் இந்தப் பிசுபிசுப்பு விரைவில் வருகிறது. ஆலைகளில் ஹாம் போன்றவற்றுக்கான இறைச்சியைப் பெரிய உருளைகளில் போட்டுப் புரட்டுவதும் இந்தப் புரதத்தை வெளிக்கொணரத்தான். சுருங்கச் சொன்னால், நாம் காசு கொடுப்பது வெற்றிடத்துக்கு. நமக்குக் கிடைப்பதோ பிசைதல்.

வளையத்துக்கு வருகிறேன். வெற்றிடம் என்ற ஒன்று இருப்பதால்தான் இந்த வளையமும் இருக்கிறது, என் கோபமும் இருக்கிறது.

முதலில் வந்தது மணம். பூண்டின் கந்தகச் சேர்மங்களும் மசாலா எண்ணெய்களும் சிலிக்கோனுக்குள் ஊடுருவி அங்கேயே தங்கிவிடுகின்றன. மசாலா கோழிக்குள் போகிறதோ இல்லையோ, வளையத்துக்குள் நன்றாகவே போகிறது. குச்சியில் கோத்துச் சுடும் சாத்தேவுக்காகச் செரையும் லெங்குவாசும், அதாவது எலுமிச்சைப்புல்லும் அரத்தையும், அரைத்துப் புரட்டிய வாரத்துக்கு அடுத்த வாரம் செய்த மிளகுக் கோழியில் செரையின் வாசம் மெலிதாக வந்தது. வெந்நீர், வினிகர், சமையல் சோடா, எலுமிச்சைத் தோல் என்று வீட்டில் உள்ள எல்லாவற்றையும் முயன்று பார்த்தாயிற்று. துணி காயவைக்கும் பக்கத்து ஜன்னலில் மதிய வெயிலில் வைத்தால் மஞ்சள் கறை வியக்கத்தக்க விதத்தில் வெளுத்துவிடுகிறது, ஏனெனில் மஞ்சளின் நிறமி ஒளியில் சிதையக்கூடியது. மணம் மட்டும் போவதாக இல்லை.

அடுத்து வந்தது சுகாதாரக் கவலை. வளையம் பதியும் பள்ளம் ஒரு தீக்குச்சியின் அகலம்கூட இல்லை. பச்சைக் கோழியின் நீரும் விழுதும் அதற்குள் இறங்கிவிடுவதால், ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கழற்றி, பள்ளத்தைப் பல்துலக்கியால் தேய்த்து, முழுவதும் உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். கோழியில் சால்மொனெல்லா இருக்கக்கூடும் என்பதை அறிந்தவர் எவரும் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. இருபது நிமிடத்தில் ஊறவைத்து மிச்சப்படுத்திய நேரத்தில் கணிசமான பகுதி தொட்டியருகே நின்று கழிகிறது. கையேட்டிலோ இதற்கு ஒரே ஒரு வரி: "மூடியை ஈரத்துணியால் துடைக்கவும்." இதை எழுதியவர் வாழ்நாளில் இஞ்சி பூண்டு விழுதைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்பது ஐயமே.

கடைசியாக வந்ததுதான் இப்போதைய பழுது. எண்ணெய் பட்டுப்பட்டு வளையம் சற்றுத் தடித்து, பள்ளத்தில் சரியாக அமர மறுத்தது. காற்று கசிந்ததால் பம்ப் நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தது. இரவு எட்டு மணிக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் அந்த இரைச்சல் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். இந்த இயந்திரத்தில் மூடியைப் பிடித்துவைப்பதே வெற்றிடம்தான், வேறு கொக்கியோ திருகோ கிடையாது. ஆகவே உருண்டுகொண்டிருந்த உருளையிலிருந்து ஒருநாள் மூடி கழன்று, தயிரும் மிளகாய்த்தூளும் மேடை முழுவதும் ஓடின.

விற்பனையாளருக்கு எழுதியபோது கிடைத்த பதில் பணிவானது. பயன் மட்டும் இல்லை. வளையம் தனியாக விற்கப்படுவதில்லை, முழு மூடியையும் வாங்க வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மூடியின் விலை, தபால் செலவோடு சேர்த்தால், இன்றைய தள்ளுபடியில் முழு இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. சில காசு பெறாத ஒரு வளையத்துக்காக நெகிழியும் அடைப்பிதழும் (வால்வு) உணர்கருவியும் சேர்ந்த ஒரு மூடியைக் குப்பையில் போடச் சொல்லும் வடிவமைப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரிப்பேர் கோப்பித்தியாம் என்னும் தொண்டூழியர் முயற்சியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சொல்: பழுதான வீட்டுப் பொருளைக் கொண்டுபோனால், அங்குள்ளவர்கள் உங்களையும் உட்காரவைத்துச் சரிசெய்யக் கற்றுத்தருவார்கள். அங்கேதான் பம்பில் பழுதில்லை என்பது உறுதியானது. காற்றுக் குழாயின் அடைப்பிதழில் ஒரு மிளகாய் விதை சிக்கியிருந்தது, அதை எடுத்தோம். வளையத்தைத் திருப்பிப்போட்டு மாட்டியதில் இப்போதைக்கு மூடி நிற்கிறது. ஜாலான் புசார் வட்டாரத்து வன்பொருள் கடைகளில் அதே தடிமனில் வளையம் கிடைத்தது. ஆனால், அது உணவுக்கு ஏற்ற தரமுள்ளதா என்ற கேள்விக்குக் கடைக்காரர் தோளைக் குலுக்கினார். குழாய்க்கான ரப்பரைக் கோழிக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனமில்லை.

பழுதுபார்ப்பதற்கு முந்தைய நாள்களில் ஒரு சோதனை செய்தேன். மூடியைச் சுற்றி அகலமான ஒட்டுநாடாவை ஒட்டி, பம்பை இயக்காமல் கோழியை வெறுமனே உருளவிட்டேன். எண்ணெயில் மசாலா உதிரவில்லை. துண்டின் நடுவிலும் உப்பு இருந்தது. மேசையில் இருந்த எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. என்னை இத்தனை காலம் வாட்டிய வளையத்தின் அவசியத்தைப் பற்றி இதற்கு மேல் நான் என்ன சொல்வது?

நண்பருக்குப் பயன்படும் என்பதால், இயந்திரம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பில்லாத தொடைக்கறிக்கும் இறக்கைகளுக்கும் இது மிக நன்று. தோலோடு கூடிய முழுக்கால், உருண்டு உருண்டு தோல் நழுவிப் பார்க்கச் சகிக்காத கோலத்தில் வெளிவரும். தந்தூரிக்குத் தயிரில் ஊறவைப்பதென்றால் ஆழமாகக் கீறி இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே போதும்; கீறல்தான் அங்கே வேலை செய்கிறது. கலமன்சி என்னும் சிறு எலுமிச்சையின் சாற்றைத் தயிர்போல நினைத்து நெடுநேரம் விடக் கூடாது, புளிப்பு மிகுந்தால் மேற்பரப்பு மாவுபோலாகிவிடும். பப்பாளிக் காய் விழுதில் இன்னும் கவனம் தேவை, அதன் நொதி அறுபது, எழுபது டிகிரிச் சூட்டில்தான் மிகுந்த வேகத்தில் இயங்குகிறது என்பதால், ஊறும் நேரத்தைக் குறைத்தாலும் அடுப்பில் ஏறிய பின் அது தன் வேலையைத் தொடரும். சாத்தேவுக்கு இயந்திரமே வேண்டாம். கறியை மெல்லியதாக அரிந்தவுடனேயே மசாலா போக வேண்டிய தூரம் போய்விடுகிறது. சீனச் சமையலில் நெஞ்சுக்கறியைச் சோள மாவும் ஒரு சிட்டிகைச் சமையல் சோடாவும் போட்டுப் பிசைந்து வைப்பார்களே, அதற்கும் ஒரு கிண்ணமும் கையும் போதும்.

உருளை குளிரூட்டப்பட்டதன்று என்பதையும் மறக்கக் கூடாது. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும், நம் சமையலறையோ மாலையிலும் முப்பதைத் தொடுகிறது. நான் உருளையை முன்கூட்டியே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, இருபது நிமிடத்துக்கு மேல் வெளியில் விடுவதில்லை. எவ்வளவு நன்றாக ஊறினாலும், சிங்கப்பூர் உணவு அமைப்பு அறிவுறுத்துவதுபோல உட்பகுதி 75 டிகிரியை எட்டியாக வேண்டும்.

நியாயமாக எண்ணிப் பார்த்தால், நன்மைகளின் தட்டுதான் தாழ்கிறது. வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பி எட்டு மணிக்கு நல்ல பொரித்த கோழியை மேசையில் வைக்க முடிகிறது என்பது சிறிய செய்தி அன்று. இருந்தும் என் தீர்ப்பு: வாங்க வேண்டாம், தம்பி. ஒரு கிலோ கறிக்கு 12 கிராம் உப்பை அளந்து போட்டு, மசாலாவோடு கை வலிக்கும் வரை பிசைந்து, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இதே கோழி கிடைக்கும், செரை மணக்காமல்.

என் இயந்திரத்தை விற்றுவிடுவாயா என்று கேட்காதீர்கள், விற்கமாட்டேன். புதிய மூடிக்கும் பணம் கட்டிவிட்டேன், தீபாவளிக்கு முன் வந்துவிடும் என்கிறார்கள். தள்ளுபடி முடிவதற்குள் வாங்கியே தீருவேன் என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டால், விற்பனையாளரிடம் வளையம் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கிடைக்குமென்றால் இயந்திரத்தோடு சேர்த்து மூன்று வளையங்கள்: சாத்தேவுக்கு ஒன்று, நம்மூர் மசாலாவுக்கு ஒன்று, மாற்றுக்கு ஒன்று.