அலர்ஜி பேனலை நம்பி எள்ளுருண்டை கொடுத்தேன்

குழந்தைக்குத் திடீர் திடீரென்று தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்று வந்து, காரணம் தெரியாமல் அலைகிறீர்களா? ‘ஒரே ரத்தப் பரிசோதனையில் இருநூறு உணவு’ என்று யாராவது ஒரு நோட்டீஸை நீட்டினார்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் 18,500 ரூபாய் கட்டினோம். பணம் போனதைப் பற்றி இப்போது பெரிய வருத்தமில்லை. பையன் போகப் பார்த்தான், அதுதான்.

அவனுக்கு அப்போது நாலரை வயது. புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் கோயிலில் தொன்னையில் புளியோதரை வாங்கிக் கொடுத்தேன். பிராகாரம் சுற்றி முடிப்பதற்குள் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்து, வாந்தி எடுத்துவிட்டான். பக்கத்து கிளினிக்கில் அவில் ஊசி போட்டார்கள். “புளி ஒத்துக்கலை போல” என்றார்கள். சரி என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது முறை, இரண்டு மாதம் கழித்து, பழனியில் ஒரு கல்யாணம். காலை டிபனில் பொடி தடவிய குட்டி இட்லி. நாலு இட்லி தின்றிருப்பான். இருமல் ஆரம்பித்தது, உடம்பு முழுக்கச் சிவந்தது, விசில் மாதிரி மூச்சு. திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு ராத்திரி வைத்திருந்தோம். அங்கேதான் “ஃபுல் அலர்ஜி பேனல் எடுத்துப் பாத்துடலாம்” என்றார்கள். நான் தலையாட்டி முடிப்பதற்குள் ஒரு லேப் பையன் கட்டிலருகே பையோடு நிற்கிறான். கார்டு தேய்க்கிற மெஷினும் கையில் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. வழவழ தாளில் பதினான்கு பக்கம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர் கலராக. சிவப்பில் முப்பத்தெட்டு உணவுகள்: பால், தயிர், கோதுமை, முட்டை, துவரம்பருப்பு, வாழைப்பழம், நிலக்கடலை... அவன் தினமும் தின்கிற அத்தனையும் சிவப்பு. பச்சையில் ஆலிவ், சால்மன் மீன், என்னென்னவோ. அவன் கண்ணால்கூடப் பார்க்காததெல்லாம் பச்சை. இந்தப் பொருத்தத்தை அன்றைக்கே யோசித்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

பச்சைப் பட்டியலில் எள்ளும் இருந்தது.

பால் கிடையாது, தயிர்சாதம் கிடையாது, சப்பாத்தி கிடையாது, சாம்பார் கிடையாது. ரசமும் கேழ்வரகுக் கூழுமாக நாலு மாதம் ஓட்டினோம். பால்வாடியில் மற்ற பிள்ளைகள் முட்டை சாப்பிட, இவன் தள்ளி உட்கார்ந்திருப்பான். 17 கிலோ இருந்தவன் 15 கிலோவுக்கு இறங்கினான். லேப் கொடுத்த டயட்டீஷியனுக்கு ஃபோன் போட்டால், “பாலுக்குப் பதில் கால்சியத்துக்கு எள்ளு குடுங்க மேடம், அது அவனுக்கு கிரீன்ல இருக்கு” என்றது அந்தப் பெண். என் மாமியாருக்கு ஒரே சந்தோஷம். “நான் அப்பவே சொல்லலை? இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க” என்று கருப்பட்டி போட்டு உரலில் இடித்து உருண்டை பிடித்தார்.

எங்கள் வீட்டுப் புளியோதரையில் எள் போடுகிற வழக்கமில்லை. இட்லிப் பொடியும் உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய்தான். சமையலுக்கு ரீஃபைண்ட் எண்ணெய். அதனால் கோயில் புளியோதரையில் வறுத்துப் பொடித்த எள் இருந்திருக்கும், கல்யாணப் பொடியிலும் இருந்திருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. நான் புளியை, பெருங்காயத்தை, பெயர் தெரியாத கலர் பொடியை எல்லாம் சந்தேகப்பட்டேன்.

ஒரு உருண்டை முழுசாகத் தின்னவில்லை. “தொண்டை அரிக்குதும்மா” என்றான். குரல் கம்மியது. அஞ்சு நிமிஷத்தில் உதடு நீலம் பாரித்துத் துணி மாதிரி மடியில் சாய்ந்துவிட்டான். மாமியார் ஊரிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் நாலு கிலோமீட்டர். பைக்கில் இவர் ஓட்ட, நான் பின்னால் பிள்ளையை அணைத்துக்கொண்டு எதை எதையோ வேண்டிக்கொண்டேன். அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இல்லாவிட்டாலும் தங்கை வயதுதான் இருக்கும். ஒரு கேள்வியும் கேட்கவில்லை, டிரவுசரை விலக்கித் தொடையின் வெளிப்பக்கம் ஒரு ஊசி. அட்ரினலின். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கணக்கில் 15 கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், ஒரு சொட்டு மாதிரிதான். பத்து நிமிஷத்தில் “அம்மா” என்றான். அந்த ஆம்பூல் விலை சில பத்து ரூபாய்கூட வராதாம். எனக்கு அந்தப் பதினான்கு பக்க ரிப்போர்ட் ஞாபகம் வந்தது.

இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு தடவையும் அவனுக்கு இந்த ஊசி போடப்படவில்லை. அவில், செட்டிரிசின் எல்லாம் தடிப்பையும் அரிப்பையும்தான் குறைக்கும். மூச்சுக் குழாய் அடைப்பதையும் ரத்த அழுத்தம் விழுவதையும் அவை நிறுத்தாது. அதற்கு அட்ரினலின்தான், அதுவும் தசையில், தாமதிக்காமல். ஊசிக்குச் சரியானாலும் சில மணி நேரம் கழித்து அதே தொல்லை மறுபடி வரலாம் என்பதால் 108-இல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி ஒரு ராத்திரி பார்வையில் வைத்தார்கள்.

ஆறு வாரம் கழித்து மதுரையில் ஒரு அலர்ஜி மருத்துவரைப் பார்த்தோம். ரிப்போர்ட்டை நீட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முக்கால் மணி நேரம் கேட்டார். என்ன சாப்பிட்டான், எத்தனை நிமிஷத்தில் வந்தது, யார் சமைத்தது, கூடச் சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆச்சு, அதற்கு முன் அதே பொருளைத் தின்று சும்மா இருந்திருக்கிறானா. “பால் எத்தனை வருஷமா குடிக்கிறான்? ஒரு தடவையாவது தடிச்சுதா?” இல்லை. “அப்புறம் ஏம்மா நிறுத்துனீங்க?” என்னிடம் பதில் இல்லை. தாளில் கடைசியாக மூன்று வரி நின்றன: கோயில் புளியோதரை, கல்யாண இட்லிப்பொடி, எள்ளுருண்டை. அவர் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அங்கேயே அழுதேன்.

எங்களுக்கு எடுத்தது ஐ.ஜி.ஜி. பரிசோதனை, அதாவது ரத்தத்தில் இருக்கிற ஒரு வகை எதிர்ப்பொருளைப் பார்ப்பது. அதைப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு என்றார் மருத்துவர். எந்தச் சாப்பாடு உடம்புக்குள் வந்து போயிருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, எது கல்லெறிகிறது என்பதைக் காட்டாது. அடிக்கடி தின்பதெல்லாம் அதில் சிவப்பாக வரும். ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே இது உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க உதவாது என்று சொல்லிவிட்டதாம், அமெரிக்க, கனடா அமைப்புகளும் அப்படியே. இப்படி உடனடியாக வருகிற அலர்ஜிக்கு ஐ.ஜி.ஈ. என்கிற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். அதையும் மொத்தமாகப் பேனல் போட்டால் ஒன்றுமில்லாததெல்லாம் பாசிட்டிவ் வரும். நடந்ததைக் கேட்டு, சந்தேகப்படுகிற பொருளுக்கு மட்டும் பார்க்க வேண்டும் என்றார்.

செட்டிரிசினை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி, கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தார்கள். கம்பெனி தயாரித்த எள் சாறுக்குச் சின்னத் தடிப்புதான். வீட்டிலிருந்து கொண்டுபோன எள்ளை நுணுக்கி வைத்துக் குத்தியதற்கு, கால் மணி நேரத்தில் 11 மில்லிமீட்டர் தடிப்பு. எள்ளில் எண்ணெயோடு ஒட்டிய புரதங்கள் சில உண்டு, அவை சாற்றில் சரியாக இறங்காது, அதனால்தான் நிஜப் பொருளை வைத்தும் பார்ப்பது என்றார்கள். எள்ளுக்கு மட்டும் ஐ.ஜி.ஈ. ரத்தப் பரிசோதனை, அதுவும் பாசிட்டிவ். பால், கோதுமை, முட்டை எதற்கும் ஒன்றுமில்லை. நாலு மாதம் நிறுத்தியதால் பாலை மட்டும் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தோலில் கரப்பான் (எக்ஸிமா) உள்ள பிள்ளைகளுக்கு, ஒத்துக்கொண்டிருந்த சாப்பாட்டைக் காரணமில்லாமல் நிறுத்தினால், அதற்கே புதிதாக அலர்ஜி வரவும் வாய்ப்புண்டாம். இவனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே கரப்பான் உண்டு. அந்தத் தோலில்தான் நான் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அதனால் வந்ததா என்று கேட்டேன். புண்ணான தோல் வழியாக அலர்ஜி உருவாகலாம், ஆனால் இவனுக்கு அப்படித்தான் என்று சொல்ல முடியாது என்றார்.

எள் விஷயத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. நம் நாட்டு 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளில், அலர்ஜி எச்சரிக்கை போட வேண்டிய பட்டியலில் நிலக்கடலை, பால், முட்டை, மீன், சோயா எல்லாம் உண்டு, எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். அதனால் பாக்கெட்டில் ‘அலர்ஜி தகவல்’ என்ற கட்டத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், சேர்மானம் முழுவதையும் படிக்க வேண்டும். செசமி, ஜிஞ்சிலி, தில் எல்லாம் எள்தான். செக்கு நல்லெண்ணெயிலும் புரதம் இருக்கும், ஊறுகாயில் ஊற்றுவது அதுதான். சனிக்கிழமை கோயிலில் எள்ளுசாதம் கொடுத்தால் கையை நீட்டாமல் வர அவனுக்கே தெரியும் இப்போது.

தானாகக் குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா இங்கே எளிதில் கிடைப்பதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்து, அளவுக் கோடு போட்டுக் காட்டி, ஆம்பூலும் ஒரு மில்லி சிரிஞ்சும் வைத்திருக்கிறோம். நானும் இவரும் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினோம். பால்வாடி ஆயாவுக்கும் நடந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

லேபுக்கு ஃபோன் செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “மேடம், இது வெல்னஸ் ரிப்போர்ட், நோயைக் கண்டுபிடிக்க இல்லைன்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கோமே” என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியோ, லேப் வேறு நாங்கள் வேறு என்றது. பில், ரிப்போர்ட், டயட்டீஷியன் அனுப்பிய வாட்ஸப், சுகாதார நிலையச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாம் கட்டிய பணம் அஞ்சு லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

போன வாரம் அந்த லேபிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது. பையன் பெயரைப் போட்டு, மறுபரிசோதனைக்கு நேரமாகிவிட்டதாம், 20 சதவீதம் தள்ளுபடியாம். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறேன்.