பி.எச்.க்யூ-9 படிவம்: மயஸ்தீனியா உள்ளவர்களுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒரே பக்கம், ஒன்பது கேள்விகள். 2001 முதல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கும் மனச்சோர்வுப் படிவம் இது. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும். 'இல்லவே இல்லை' என்றால் 0, 'சில நாட்கள்' 1, 'பாதி நாட்களுக்கு மேல்' 2, 'ஏறக்குறைய தினமும்' 3. மொத்தம் 27. ஐந்து முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் சற்றுக் கடுமையானது, 20 முதல் கடுமையானது. 10-ஐத் தொட்டாலே மருத்துவர் விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். ஐந்து நிமிட வேலை. கட்டணம் இல்லை, தமிழிலும் கிடைக்கிறது.

பொதுவான பயன்பாட்டுக்கு நல்ல படிவம். மயஸ்தீனியா கிராவிஸ் (பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை தளரும் நோய்) உள்ளவர் நிரப்பினால் மட்டும் கூட்டுத்தொகையைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது; வரி வரியாகப் படிக்க வேண்டும்.

காரணம், ஒன்பதில் ஐந்து கேள்விகள் உடலைத் தொடுகின்றன. மூன்றாவது தூக்கம்: இந்த நோய்க்குத் தரும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் சாப்பிடுபவருக்குத் தூக்கம் கெடுவது சாதாரணம், அதிலும் மாத்திரையைக் காலையில் எடுக்காமல் தள்ளிப்போட்டால். நான்காவது களைப்பு: நோயே அதுதான். ஐந்தாவது பசி: ஸ்டீராய்டு பசியைக் கூட்டும், மெல்லும் தசை தளர்ந்தால் சாப்பாடு பாதியில் நிற்கும். ஏழாவது, செய்தித்தாள் படிப்பதிலோ டிவி பார்ப்பதிலோ கவனம் நிற்கிறதா என்று கேட்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிபவர் என்ன பதில் சொல்வார்? எட்டாவது, நடையும் பேச்சும் மந்தமாகிவிட்டதா என்பது. நாக்கு குழறுபவர் தயங்காமல் 3 போடுவார். மனம் தெளிவாக இருக்கும் ஒருவருக்கும் இந்த ஐந்தில் மட்டும் 15 வரை ஏறிவிடலாம்.

தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல். உடல் அசதியும் சோர்வுதான், மனம் துவள்வதும் சோர்வுதான். 'சோர்வா இருக்கு டாக்டர்' என்று நரம்பியல் மருத்துவரிடம் சொன்னால், தசைக்குத் தெம்பு தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையின் அளவு கூடலாம். மனநல மருத்துவரிடம் அதே வார்த்தையைச் சொன்னால் வேறு மாத்திரை வரலாம். அதனால் சோர்வு என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. 'நாலு வாய் மென்றதும் தாடை தொங்குகிறது, பத்து நிமிடம் ஓய்ந்தால் சரியாகிறது' என்பது தசையின் பேச்சு. பயன்படுத்தப் பயன்படுத்தத் தளர்வதும், ஓய்வில் மீள்வதும், சாயங்காலம் மோசமாவதும் அதன் அடையாளம். ராத்திரி முழுக்கத் தூங்கியும் காலையில் எழவே மனமில்லை, ஓய்வு எடுத்தும் பாரம் இறங்கவில்லை என்றால் மனத்தின் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லும் தகவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் ஆபத்தானது. 'எல்லாம் நோயால்தான்' என்று அந்த ஐந்தையும் தள்ளிவிட்டு, மிச்சத்தையும் கவனிக்காமல் விடுவது. மிச்சம் நான்குதான் படிவத்தின் உயிர்: ஆர்வமின்மை, மனம் சரிந்திருப்பது, தன்னைப் பற்றிய வெறுப்பு, சாவு அல்லது தற்காயம் பற்றிய எண்ணம். அதாவது 1, 2, 6, 9. முதல் இரண்டை மட்டும் கூட்டி 3 வந்தாலே முழுமையாக விசாரிக்க வேண்டும் என்பது அறிந்த வழிமுறை; பி.எச்.க்யூ-2 என்று அதற்குப் பெயர். முதல் கேள்விக்குப் பதில் எழுதும்போது, 'போக ஆசை இருக்கிறது, கால் வரவில்லை' என்பதையும் 'காலுக்குத் தெம்பு இருக்கிறது, போகத் தோன்றவில்லை' என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதுதான் அங்கே கேட்கப்படுவது. ஆறாவதில் 'வீட்டுக்குப் பாரமாகிவிட்டேன்' என்ற நினைப்பு வந்து உட்காரும். அதை யதார்த்தம் என்று நினைத்து 0 போடுகிறவர்கள் உண்டு. போடாதீர்கள்.

ஒன்பதாவதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். உடனடி ஆபத்து என்றால் அவசர சிகிச்சைக்கே போக வேண்டும், ஆளைத் தனியாக விடக் கூடாது.

நிரப்பும் முறை: பைரிடோஸ்டிக்மின் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் செய்யுங்கள். கண் தளர்ந்திருந்தால் வீட்டில் ஒருவர் வாசிக்கட்டும். பதில் உங்களுடையதாக இருக்கட்டும். ஓரத்தில் அன்றைய ஸ்டீராய்டு அளவையும், அது கடைசியாக மாறிய தேதியையும் குறியுங்கள். பிரெட்னிசோலோன் நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டும்போது மனநிலை மாற்றங்கள் அதிகம் தெரிகின்றன. கூட்டிய முதல் வாரங்களில் எரிச்சல், அழுகை, அலைபாய்தல் எதுவும் வரலாம். அதற்காக மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது பெரிய தவறு. கூடவே, மயஸ்தீனியா அன்றாட வேலைகளை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் எம்.ஜி-ஏ.டி.எல். படிவத்தையும் (8 கேள்வி, 24 மதிப்பெண்) நிரப்பி இரண்டையும் ஒன்றாகக் காட்டுங்கள். எம்.ஜி-ஏ.டி.எல். மதிப்பெண் இறங்கியும் பி.எச்.க்யூ-9 இறங்காவிட்டால், அந்த இடைவெளியைத்தான் மருத்துவர் கவனிக்க வேண்டும்.

முகத்தை வைத்து அளப்பதைவிடப் படிவம் எவ்வளவோ மேல். இமை தாழ்ந்து, சிரிப்புத் தசை தளர்ந்த முகம், உள்ளே சந்தோஷமாக இருக்கும்போதும் துக்கமாகத்தான் தெரியும்.

பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் எச்.ஏ.டி.எஸ். என்ற 1983-ஆம் ஆண்டுப் படிவம் பி.எச்.க்யூ-9-க்கு மாற்று. உடல் நோயுள்ளவர்களை மனத்தில் வைத்துச் செய்தது, தூக்கமும் பசியும் அதில் இல்லை. ஆனால் அதன் மனச்சோர்வுப் பகுதியிலும் 'மந்தமாகிவிட்டேன்' என்று ஒரு வரியும், புத்தகம், வானொலி, டிவியை ரசிக்க முடிகிறதா என்று ஒரு வரியும் இருக்கின்றன. உரிமம் வேறு வாங்க வேண்டும். எங்கள் தேர்வு இன்னும் பி.எச்.க்யூ-9தான், வரி வரியாகப் படிப்பதாக இருந்தால்.

மதிப்பெண் ஏறியிருந்தால் தைராய்டையும் பி12-ஐயும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மயஸ்தீனியாவோடு தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் சேர்ந்து வருவதுண்டு. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, காலையில் தலைவலி, ஒரே மூச்சில் எண்ணும் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் குறைவது: இவை மனச்சோர்வுக் கணக்கில் சேராது, மூச்சுத் தசை தளர்வதன் அறிகுறி. உடனே மருத்துவமனை. பதற்றம் என்று யாராவது சமாதானம் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

மருந்து எழுதுகிறவரிடம் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் வகை மனச்சோர்வு மாத்திரைகளைப் பெரும்பாலோர் தாங்குகிறார்கள். மனநிலையைச் சீராக்கத் தரும் லித்தியம் தசைத் தளர்ச்சியைக் கூட்டக்கூடும். டயஸிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் மூச்சை மந்தப்படுத்தும். எந்தப் புது மாத்திரையானாலும் முதல் சில வாரங்கள் விழுங்குவதையும் மூச்சையும் கவனித்து, வேறுபாடு தெரிந்தால் நரம்பியல் மருத்துவருக்கும் சொல்லுங்கள். படிவத்தை நான்கு வாரம் கழித்து, அதே வேளையில், மறுபடி நிரப்புங்கள்.