முக்திநாத்துக்கு மழையில் மூன்று முறை: பையில் நின்றதும் நிற்காததும்

ஆகஸ்டில் முக்திநாத் போகிறோம், என்னென்ன எடுத்து வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நனையாமல் போய்வர முடியாது. ராத்திரி மாற்றிக்கொள்ள ஒரு செட் துணி மட்டும் நனையாமல் இருந்தால் போதும், மற்றதைச் சமாளிக்கலாம். 2017, 2019, 2023 என்று மூன்று மழைக்காலங்களில் அம்மாவோடு போய்வந்திருக்கிறேன். 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று சொல்வது நேபாளத்தில் இருக்கும் இந்த முக்திநாத்தைத்தான். எனக்கு லீவு கிடைப்பது ஆகஸ்டில்தான்.

நேபாளத்தின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். அன்னபூர்ணா மலைக்குத் தெற்கே போக்ராவில் சுவரெல்லாம் ஊறிக் கிடக்கும். மலையைத் தாண்டி, முக்திநாத் இருக்கும் முஸ்தாங் மாவட்டத்துக்குள் நுழைந்தால் மழைமறைவுப் பகுதி; புழுதி பறக்கும். இரண்டுக்கும் ஒரே பை.

முதல் பயணத்தில் 45 லிட்டர் முதுகுப்பையும் அதற்கு மேலே போடும் மழை உறையும் வாங்கினேன். உறையை நம்பி உள்ளே எதையும் சுற்றி வைக்கவில்லை. வழியில் தாத்தோபானி என்ற ஊரில் விடுதி அறைக்கு வந்து பையைத் திறந்தால், முதுகுப் பக்கமாக இறங்கிய தண்ணீர் உறையின் அடியில் தேங்கி நின்றது. அடியில் இருந்த ஸ்வெட்டரைப் பிழிந்தேன். பக்கெட்டில் சத்தம் கேட்கிற அளவுக்குத் தண்ணீர் விழுந்தது. அம்மாவின் ஒன்பது கஜம் மட்டும் மொரமொரவென்று இருந்தது. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் கட்டியிருந்தாள். “பை நனையட்டும்டா, உள்ள இருக்கறது நனையக் கூடாது” என்றாள். அதிலிருந்து என் பைக்குள் முதலில் இறங்குவது தடிமனான பெரிய பாலித்தீன் பை. துணி முழுக்க அதற்குள், வாயை முறுக்கி மடித்துக் கட்டு. ஆறு ஆண்டுகளில் இரண்டு பாலித்தீன் பை மாற்றினேன், அவ்வளவுதான் செலவு. மழை உறையை இப்போது சேறு படாமல் இருக்க மட்டும் போடுகிறேன்.

டிராலி சூட்கேஸ் வேண்டவே வேண்டாம். போக்ராவைத் தாண்டி வரும் பேனி என்ற ஊருக்கு மேலே சாலை சரிந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். சரிவை நடந்து கடந்து அந்தப் பக்கம் வேறு ஜீப் பிடிக்க வேண்டும். 2019இல் அப்படி அரை மணி நேரம் கணுக்காலளவு சேற்றில் நடந்தோம். பையை நீங்களே அந்தத் தூரம் சுமக்க முடியுமா என்று வீட்டிலேயே ஒருமுறை மாடிப்படி ஏறிப் பாருங்கள். 2024 ஜூலையில் நாராயண்காட்–முக்லிங் சாலையில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது விடியற்காலை இருட்டில். மழைக்காலத்தில் ராத்திரிப் பயணமே கூடாது என்பேன். வழியில் எங்கேயாவது தங்க நேரும் என்று எண்ணி, இரண்டு நாள் மருந்து, டார்ச், பவர் பேங்க், பொரி, புளிக்காய்ச்சல் எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும்.

2019இல் நடந்த அந்தச் சேற்றில்தான் என் விலையுயர்ந்த ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்தது. போக்ரா திரும்பியதும் ஊர்க்காரர்கள் போடும் கோல்ட்ஸ்டார் துணி ஷூ வாங்கினேன். தண்ணீர் புகும், ஆனால் செய்தித்தாளைத் திணித்து வைத்தால் காலைக்குள் பெருமளவு காய்ந்துவிடும். 2023இலும் அதுதான் காலில் இருந்தது. ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு ஒரு துணி முடிச்சில் கல்லுப்பு. கடித்த இடத்தில் முடிச்சை நனைத்து ஒற்றினால் விழுந்துவிடும்.

ஜீன்ஸ், டர்க்கி டவல் இரண்டும் மூன்று நாளானாலும் காயாமல் வாடை அடிக்கும். ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டால் சாப்பிட்டு வருவதற்குள் பாதி காய்ந்திருக்கும். குடை போக்ராவுக்கு நல்லது. முக்திநாத்துக்கு முன்னால் வரும் ஜோம்சோமில் முன்பகல் தாண்டினால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் வீசும் காற்று அதைத் திருப்பிவிடும். அங்கே காதை மூடும் குல்லாயும் கண்ணாடியும் போதும்.

கோயில் ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வயதானவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுவது அவசியம். சன்னிதிக்குப் பின்னால் மாட்டு முகம் வைத்த 108 பித்தளைத் தாரைகள் இருக்கின்றன. பனி உருகிய தண்ணீர். நாலாவது தாரையிலேயே மூச்சு அடைத்தது. பழைய நாலு முழ வேட்டி கட்டிக்கொண்டு தாரைகளுக்கு அடியில் ஓடிவிட்டு, வெளியே வந்ததும் அம்மா கவரைப் பிரித்து நீட்டினாள். உள்ளே கம்பளி பனியன், குரங்குக் குல்லாய், சாக்ஸ். விரல் விறைத்து எனக்குப் பொத்தான் போட வரவில்லை, அவள்தான் போட்டுவிட்டாள்.