ஆடிக் கடைசியில் எங்கே போவது: சந்தையா, புத்தகமா, கும்மியா, ஆறா?

ஆகஸ்ட் முதல் பாதியில் ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓர் இன்பமான தொல்லை உண்டு. அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவும் கால்நடைச் சந்தையும் கூடும் நேரத்தில், ஈரோட்டில் புத்தகத் திருவிழாவும் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும். இடையில் ஏதோ ஓர் ஊரில் வள்ளி கும்மி அரங்கேற்றம் என்று தட்டி வைத்திருப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளோ கொடிவேரி அணையில் குளிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். அத்தனைக்கும் போக யாருக்கு விடுப்பு கிடைக்கிறது? ஒரே ஒரு நாள்தான் என்றால் என் ஓட்டு அந்தியூருக்கு.

குதிரைக்காக அல்ல. கூட்டத்தில் பாதி, காத்தியவார், மார்வார், நொக்ரா என்று குதிரைகளைப் பார்க்கத்தான் வருகிறது. மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் குதிரையைச் சுற்றிக் கைப்பேசிகள் உயர்ந்து நிற்கும். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார் என்று சொல்லாத ஆளைச் சந்தையில் பார்ப்பது அரிது. எனக்கு அந்த ஆட்டம் ஒட்டவில்லை. கடிவாளம் வாயில் இறுகுவதைப் பார்த்துவிட்டால் அப்புறம் மேளம் காதில் ஏறாது.

மாடு கட்டியிருக்கும் பக்கம் போங்கள். காங்கேயம் மாடுகளில் மயிலை (வெண்சாம்பல்), காரி (கறுப்பு), செவலை (சிவப்பு) என்று வரிசையாக நிற்கும். தாய் வெள்ளையாக இருக்க, பக்கத்தில் சிவப்புக் கன்று நிற்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்புதான், ஆறு மாதம் வாக்கில் நிறம் மாறிவிடும். செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு, ஆள் நெருங்கினாலே தலையைச் சிலுப்பிக்கொண்டு நிற்பவை பர்கூர் மலை மாடுகள். காட்டில் பட்டி போட்டு வளர்த்தவை, கயிறு அவற்றுக்குப் புதிது.

வியாபாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாங்க வந்தவர் முதலில் மாட்டின் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார்: இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா (எல்லாப் பல்லும் விழுந்து முளைத்துவிட்டதா) என்று வயதைக் கணிக்க. பிறகு சுழி, அதாவது உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடம். சுழி சரியில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் எத்தனை நல்ல மாடும் விலை இறங்கிவிடும். பழைய தரகர்கள் இன்னமும் விலையை வாயால் சொல்வதில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைகளின் மேல் போட்டு, அதற்குள் விரல்களைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒருவர் கையை உதறிவிட்டு நாலடி நடப்பார். "அண்ணா, நில்லுங்கள், இன்னொரு விரலைப் பிடித்துப் பாருங்கள்" என்று தரகர் பின்னாலேயே போவார். நடந்தவர் எப்படியும் திரும்பிவிடுவார் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும், மாட்டுக்காரர் உட்பட.

விடிந்ததும் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் ஆடிக் காற்றும் புழுதியும் சேர்ந்து கண்ணைத் திறக்க விடாது. புதன்கிழமை போகிறவர்கள், சாமியை மகமேரு தேர்களில் வைத்து வனக்கோயிலுக்குத் தோளில் சுமந்து போவதையும் பார்க்கலாம். ஆனால் அன்றைய நெரிசலில் மாட்டுப் பக்கம் நிதானமாக நிற்க முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

புத்தகத் திருவிழா இரண்டாவது. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவருகிறது. அங்கே கிடைக்கும் நூல்களில் பெரும்பாலானவை சென்னையிலும் கோவையிலும் கிடைப்பவைதான். ஈரோட்டுக்கென்று இருப்பது மாலைச் சொற்பொழிவும் அதைக் கேட்க உட்காரும் கூட்டமும். விசைத்தறிக்காரரும் மஞ்சள் மண்டிக்காரரும் குடும்பத்தோடு வந்து கடைசி வரை கேட்டுவிட்டுப் போகிறார்கள். உண்டியல் காசோடு வந்து சில்லறையை எண்ணிக்கொடுக்கும் பிள்ளைகளையும் பார்க்கலாம். புத்தகம் வாங்குவதுதான் நோக்கம் என்றால் ஞாயிறு மாலையை விட்டுவிடுங்கள். வேலை நாள் மதியத்தில் கடைக்காரருக்கே நம்மோடு பேச நேரம் இருக்கும். பத்து நாளுக்கு மேல் நடப்பதால் இது எங்கும் ஓடிப்போகாது. சந்தையோ நாலே நாள்.

வள்ளி கும்மி ஒரு விதத்தில் சூதாட்டம். நல்ல ஆசிரியர் அமைந்தால், முருகன் வள்ளியை மணக்கும் கதை மெல்லத் தொடங்கி, நள்ளிரவில் நூறு ஜோடிக் கைகள் ஒரே தட்டாக விழும் வேகத்துக்குப் போகும். ஒலிபெருக்கியைக் காது கிழிய வைத்துவிட்டால் அந்தத் தட்டே கேட்காது. கைத்தட்டல் கேட்காத கும்மியில் பார்க்க வண்ணப் புடவை மட்டும்தான் மிச்சம். இந்தக் கலையில் பெண்களைப் பழக்கி ஆட வைத்த மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று களத்தில் பெண்கள்தான் அதிகம். காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. சொன்ன நேரத்தில் தொடங்கும் வழக்கமும் கிடையாது.

கொடிவேரிக்கு நான் கடைசி இடம்தான் தருவேன். மேலே உள்ள பவானிசாகர் அணையில் தண்ணீர் அதிகமாகத் திறந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். திறக்காத நாளில் கூட்டம் தண்ணீரை மறைத்துவிடும். மீன் வறுவல் மட்டும் எப்போதும் உண்டு. பறவை பார்க்க வெள்ளோடு சரணாலயம் போகலாமே என்பவர்கள் கார்த்திகை வரை பொறுக்க வேண்டும். 2022இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஏரிதான், ஆனால் வெளியூர்ப் பறவைகள் ஆடியில் வருவதில்லை.

ஒரே நாளில் இரண்டு வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. விடியற்காலையில் சந்தை, பவானி வழியாகத் திரும்பி வீட்டில் குளித்து ஒரு தூக்கம், மாலையில் புத்தகத் திருவிழா. குளியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். சொற்பொழிவில் பக்கத்து நாற்காலிக்காரர் பாவம்.